ஆய்வுக்கு வரும் அறக்கொடையும் அதன் நிபந்தனைகளும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

கல்வராயன் மலையின் சிற்றூர் ஒன்றுக்கோ கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்கோ ஓர் ஆய்வுக் குழு வருகிறது எனக் கொள்வோம். அக்குழு உங்களிடம், அல்லது உங்கள் பராமரிப்பில் உள்ள ஒருவரிடம், இரத்த மாதிரியும் சில விவரங்களும் கேட்கிறது. உங்கள் கையில் தரப்படும் தகவல் தாளில் நோயின் பெயர், எடுக்கப்படும் இரத்தத்தின் அளவு, எத்தனை முறை வர வேண்டும் என்பன போன்ற செய்திகள் இருக்கும். கடைசிப் பக்கத்தில், இந்த ஆய்வு இன்ன அறக்கட்டளையின் நிதியுதவியுடன் நடைபெறுகிறது என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலோர் அந்த வரியைப் படிப்பதில்லை. படித்தாலும், யாரோ ஒரு புண்ணியவான் பணம் தருகிறார் என்ற அளவில் விட்டுவிடுகின்றனர்.

அந்த வரிக்குப் பின்னால் ஓர் ஒப்பந்தம் உள்ளது. பணத்தை எதற்குச் செலவிடலாம், எதற்குச் செலவிடக் கூடாது, எத்தனை ஆண்டுகள், முடிவுகளை யாருக்குத் தெரிவிக்க வேண்டும், ஆய்விலிருந்து ஒரு மருந்து பிறந்தால் அதன் விலை என்ன என்பவை அதில் எழுதப்பட்டிருக்கும். அந்த ஒப்பந்தத்தில் நோயாளி கையெழுத்திடுவதில்லை. ஆனால் அதன் விளைவு நோயாளியின் வீட்டு வாசல் வரை வருகிறது. ஆகவேதான் இந்த விளக்கம்.

நிபந்தனையற்ற கொடை உண்டா?

மிகச் சில. மருத்துவ ஆய்வுக்கெனக் கொடுக்கப்படும் நிதி பெரும்பாலும் கொடுப்பவரின் துயரத்திலிருந்தோ நோக்கத்திலிருந்தோ பிறக்கிறது. அந்த நோக்கமே முதல் நிபந்தனையாகிறது. இந்தியாவில் இதற்குப் பழைய எடுத்துக்காட்டு லேடி டாடா நினைவு அறக்கட்டளை. தொழிலதிபர் சர் தொராப்ஜி டாடாவின் மனைவி மெஹர்பாய் 1931ஆம் ஆண்டு இரத்தப் புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டு, 1932இல், தொராப்ஜி இந்த அறக்கட்டளையை நிறுவினார். அதன் வருமானத்தில் ஐந்தில் நான்கு பங்கு உலகின் எந்த நாட்டிலும் நடைபெறும் இரத்தப் புற்றுநோய் ஆய்வுக்கும், எஞ்சிய ஒரு பங்கு நோயால் விளையும் மனிதத் துன்பத்தைத் தணிக்க இந்தியாவில் நடைபெறும் அறிவியல் ஆய்வுக்கும் செல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. அதை ஏற்படுத்தியவர் அதே ஆண்டில் மறைந்துவிட்டார். அவர் வகுத்த பங்கீடோ அறக்கட்டளையின் அடையாளமாகவே நிலைத்துவிட்டது.

பங்கீடு தவறு என்று யாரும் சொல்ல முடியாது. அது அவருடைய பணம், அவருடைய இழப்பு. எனினும் இதிலிருந்து ஒரு செய்தியை நாம் அறியலாம். ஒரு நோய்க்கென ஒதுக்கப்பட்ட நிதியை வேறு நோய்க்குச் செலவிட இயலாது. காசநோய் ஆய்வுக்காக உங்கள் ஊருக்கு வரும் குழுவிடம் தாத்தாவின் கண்புரைக்கு உதவி கேட்டால் அவர்கள் கையை விரிப்பது மனமின்மையால் அன்று. அவர்களுடைய கணக்கேட்டில் அதற்கு இடமில்லை. அதே சமயம், ஆய்வின்போது வேறொரு நோய் கண்டறியப்பட்டால் அதை அவர்கள் மறைக்கவோ கண்டும் காணாமல் விடவோ கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள், ஆய்வுக்குத் தொடர்பில்லாத துணைச் சிகிச்சை பற்றியும் பேசுகின்றன. முழுச் சிகிச்சையை நீங்கள் எதிர்பார்க்க முடியாமல் போகலாம். எங்கே செல்ல வேண்டும் என்ற வழிகாட்டலையாவது கேட்டுப் பெறலாம்.

விலை பற்றிய நிபந்தனை

எல்லா நிபந்தனைகளும் சுமையல்ல. சில நிபந்தனைகள் ஏழை நோயாளியின் சார்பாகவே எழுதப்படுகின்றன. அவற்றில் முதன்மையானது விலை.

ஆப்பிரிக்காவின் வறண்ட நாடுகளில் மூளையுறை அழற்சி ஆண்டுதோறும் பல உயிர்களைப் பறித்து வந்தது. 2001ஆம் ஆண்டு பில் அண்டு மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளை, பாத் என்னும் தன்னார்வ நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் இணைந்து நடத்திய தடுப்பூசித் திட்டத்துக்கு 7 கோடி டாலர் வழங்கியது. ஒரு தவணை மருந்தின் விலை அரை டாலரைத் தாண்டக் கூடாது, இல்லையேல் தங்களால் வாங்க இயலாது என்று ஆப்பிரிக்க நாடுகளின் சுகாதார அலுவலர்கள் தெளிவாகச் சொல்லியிருந்தனர். அந்த விலையை முன்வைத்தே திட்டம் வகுக்கப்பட்டது. புனேயில் உள்ள சீரம் நிறுவனம் அதே விலை வரம்புக்குள் மருந்தைத் தயாரித்தது. 2010 டிசம்பரில் புர்கினா பாசோ நாட்டில் தடுப்பூசி இயக்கம் தொடங்கியது.

நம் வீட்டுக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து. குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் இந்த வைரஸுக்கு எதிரான ரோட்டாவாக் மருந்து, இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, பாத், கேட்ஸ் அறக்கட்டளை முதலிய பல தரப்பினரின் நிதியாலும் உழைப்பாலும் உருவானது. ஐதராபாத்தின் பாரத் பயோடெக் நிறுவனம், ஒரு தவணையை ஒரு டாலர் என்ற விலையில் தருவதாக உறுதியளித்தது. இறுதிக்கட்டச் சோதனையில் தில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களைச் சேர்ந்த 6,799 குழந்தைகள் பங்கேற்றனர். 2016இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து சேர்க்கப்பட்டது. இன்று மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும் 6, 10, 14 வாரங்களில் குழந்தைக்கு அது கட்டணமின்றித் தரப்படுகிறது. வேலூர்த் தாய்மார்கள் அன்று ஒப்புக்கொண்டதன் பயனை வெள்ளிமலைத் தாய்மார்கள் இன்று அடைகின்றனர் என்று சொன்னால் மிகையாகாது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. அமெரிக்காவில், நுரையீரலையும் கணையத்தையும் பாதிக்கும் சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோய்க்கான அறக்கட்டளை, நோயாளிக் குடும்பங்களிடம் நன்கொடை திரட்டி ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கு ஏறத்தாழ 15 கோடி டாலர் வழங்கியது. மருந்து விற்பனையில் பங்குத்தொகை கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. 2012இல் மருந்து வந்தது. நோயாளிகளுக்கு உண்மையிலேயே பலன் தந்தது. ஆனால் ஒரு நோயாளிக்கு ஓராண்டுச் செலவு 3 லட்சம் டாலரை நெருங்கியது. 2014இல் அந்த அறக்கட்டளை தன் பங்குத்தொகை உரிமையை 330 கோடி டாலருக்கு விற்றது. அந்தப் பணம் மீண்டும் அந்நோயின் ஆய்வுக்கே செல்கிறது என்பது ஒரு பக்கம். அறக்கட்டளையின் வருவாய் மருந்தின் விலையோடு சேர்ந்து உயரும்போது, விலையைக் குறைக்கும்படி நோயாளிக்காக யார் வாதாடுவது என்ற கேள்வி மறுபக்கம். இரண்டு அறக்கட்டளைகளும் நல்லெண்ணத்துடன்தான் நிபந்தனை விதித்தன. ஒன்று விலைக்கு உச்சவரம்பு கேட்டது, மற்றொன்று விற்பனையில் பங்கு கேட்டது. நோயாளியின் கைக்கு மருந்து வந்து சேர்ந்த விதம் அதனால் வேறுபட்டது.

கம்மம் மாவட்டத்தில் நடந்தது

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்குமாறு, சிறப்பாக மலைப்பகுதிப் பெற்றோரை, கேட்டுக்கொள்கிறோம்.

2009ஆம் ஆண்டு, அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும், 10 முதல் 14 வயதுடைய சிறுமியருக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடும் செயல்விளக்கத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. எச்.பி.வி. என்பது கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ். திட்டத்தை நடத்தியது பாத் நிறுவனம். ஐ.சி.எம்.ஆர். மற்றும் இரு மாநில அரசுகளின் ஒத்துழைப்பு இருந்தது. நிதி கேட்ஸ் அறக்கட்டளையுடையது. தடுப்பூசிகளை இரண்டு பன்னாட்டு மருந்து நிறுவனங்கள் இலவசமாக வழங்கின. கம்மத்தில் தடுப்பூசி பெற்றவர்களில் பலர் பழங்குடியினச் சிறுமியர். வீட்டைவிட்டு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள்.

திட்டக் காலத்தில் ஏழு சிறுமியர் இறந்த செய்தி வெளிவந்தது. 2010 ஏப்ரலில் மத்திய அரசு திட்டத்தை நிறுத்தியது. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அந்த இறப்புகள் தடுப்பூசியால் நேர்ந்தவையாகத் தோன்றவில்லை என்றே அக்குழு கருதியது. நீரில் மூழ்குதல், பூச்சிக்கொல்லி மருந்து, பாம்புக்கடி, காய்ச்சல் போன்ற தனித்தனிக் காரணங்கள் இருந்தன. ஆனால் ஒப்புதல் பெற்ற முறையில் கடுமையான குறைகள் வெளிப்பட்டன. நாடாளுமன்றத்தின் சுகாதாரத் துறை நிலைக்குழு 2013 ஆகஸ்டில் அளித்த தன் 72ஆவது அறிக்கையில் இவற்றை எடுத்துரைத்தது. ஆந்திரத்தில் பார்வையிடப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948 படிவங்களில் கைரேகை மட்டுமே இருந்தது. 2,763 படிவங்களில் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். தாயோ தந்தையோ இல்லை.

இந்தத் திட்டம் மருந்துச் சோதனையன்று, உரிமம் பெற்ற தடுப்பூசியை எவ்வாறு கொண்டு சேர்ப்பது என்பதை அறியும் முயற்சியே என்பது பாத் நிறுவனத்தின் நிலைப்பாடு. நிலைக்குழுவின் முடிவுகளை அந்நிறுவனம் ஏற்கவில்லை. இதன் தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நாடாளுமன்றக் குழுவின் அறிக்கையை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாமா என்ற கேள்வியை 2018இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு அமர்வு ஆராய்ந்து, கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது.

நிதிக்கும் விடுதிக் காப்பாளரின் கையெழுத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். எந்த நிதி ஒப்பந்தமும் பெற்றோரைத் தவிர்க்கச் சொல்வதில்லை. ஆனால் நிதிக்கு ஒரு கால அட்டவணை உண்டு. இத்தனை மாதத்துக்குள் இத்தனை பேர் என்ற இலக்கு உண்டு. மலைக்கிராமங்களில் சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு தாய் தந்தையையும் தேடிச் சென்று, அவர்களுடைய மொழியில் விளக்கி, யோசிக்க நேரம் தந்து ஒப்புதல் பெறுவதற்கு நாள்கள் ஆகும். ஒரு விடுதியில் நூறு சிறுமியர் ஒரே இடத்தில் இருப்பார்கள். காப்பாளர் ஒருவர் போதும். அவசரம் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் என்பது ஊகிக்கக் கூடியதே.

கல்வராயன் மலையிலும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் உள்ளன. மலையாளி பழங்குடியினரின் பிள்ளைகள் அங்கே தங்கிப் படிக்கின்றனர். பெற்றோர் பலர் பிழைப்பு தேடி மாதக்கணக்கில் வெளியூர் சென்றுவிடுகின்றனர். ஆகவே கம்மத்து நிகழ்வு இங்குள்ள பெற்றோருக்குத் தொலைதூரச் செய்தியன்று. குழந்தை பங்கேற்கும் ஆய்வில் ஒப்புதல் தர வேண்டியவர்கள் பெற்றோர், அல்லது சட்டப்படியான பாதுகாவலர். விடுதிக் காப்பாளரோ தலைமை ஆசிரியரோ அவர்களுக்குப் பதிலாகக் கையெழுத்திட முடியாது. ஏழு வயதுக்கு மேற்பட்ட குழந்தையிடம் அதன் சம்மதத்தையும் தனியே கேட்க வேண்டும் என்பது ஐ.சி.எம்.ஆர். நெறிமுறை. ஊர்த் தலைவரின் அனுமதி பெறுவது மரியாதை. அது குடும்பத்தின் ஒப்புதலுக்கு ஈடாகாது.

இங்கே ஒரு தெளிவுரை தேவை. எச்.பி.வி. தடுப்பூசி பாதுகாப்பானது. உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைக்கிறது. கம்மத்தில் பிழைத்தது ஒப்புதல் பெறும் முறை. மருந்து பிழைக்கவில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு தடுப்பூசியையே மறுப்பது நம் பெண்குழந்தைகளுக்கு நாமே செய்யும் தீங்காகும்.

நிறுத்தப்பட்ட ஆய்விலிருந்து கிடைத்த விடை

அதே 2009இல், வேறொரு எச்.பி.வி. ஆய்வும் நடந்துகொண்டிருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, இந்திய மருத்துவமனைகளுடன் இணைந்து அதை நடத்தியது. இதற்கும் நிதி கேட்ஸ் அறக்கட்டளையிடமிருந்தே வந்தது. மூன்று தவணைக்குப் பதிலாக இரண்டு தவணை போதுமா என்பதே கேள்வி. தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ சமூக நல மருத்துவ மையமும் அதில் பங்கேற்றது. 20,000 சிறுமியரைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்தனர். 2010 ஏப்ரலில் வந்த தடை, தொடர்பில்லாத இந்த ஆய்வையும் நிறுத்தியது. அப்போது 17,729 பேர் தடுப்பூசி பெற்றிருந்தனர். மூன்று தவணையும் முடித்தவர்கள் சிலர், இரண்டு பெற்றவர்கள் சிலர், ஒன்றோடு நின்றவர்கள் சிலர்.

வழக்கமாக இந்த இடத்தில் ஆய்வு முடிந்துபோகும். திட்டம் முறிந்தால் நிதியும் நிற்கும். அவ்வாறு நிகழவில்லை. தடுப்பூசி போடுவது நின்றாலும் அந்தப் பெண்களைத் தொடர்ந்து கண்காணிக்கும் பணிக்கு நிதி வந்துகொண்டிருந்தது. அவர்கள் வளர்ந்து, திருமணமாகி, இடம்பெயர்ந்த பின்னும் ஆய்வாளர்கள் அவர்களைத் தேடிச் சென்று பரிசோதித்தனர். 2021இல் வெளியான முடிவுகளின்படி, ஒரே ஒரு தவணை பெற்றவர்களிடமும் எச்.பி.வி. 16, 18 வகைகளின் நீடித்த தொற்றுக்கு எதிராக 95.4 விழுக்காடு பாதுகாப்பு காணப்பட்டது. யாரும் திட்டமிடாத கேள்விக்குக் கிடைத்த விடை இது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு தவணை முறையையும் ஏற்றுப் பரிந்துரைத்ததற்குப் பின்னுள்ள சான்றுகளில் இந்த இந்திய ஆய்வும் ஒன்று. ஏழை நாடுகளுக்கு ஒரு தவணைக்கும் மூன்று தவணைக்கும் உள்ள வேறுபாடு பணத்தால் மட்டும் அளக்கத் தக்கதன்று. மலைப்பாதையில் மூன்று முறை நடப்பதற்குப் பதில் ஒரு முறை நடந்தால் போதும்.

ஓர் ஆய்வில் சேரும்போது நாம் பெரும்பாலும் கேட்க மறக்கும் கேள்வி இதில் அடங்கியுள்ளது. நிதி எத்தனை ஆண்டுகளுக்கு? ஆய்வு இடையில் நின்றால் எங்களைக் கண்காணிப்பது யார்? பெரும்பாலான ஆய்வு நல்கைகள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு உரியவை. நோயோ வாழ்நாள் முழுவதும் இருக்கக் கூடும். ஆய்வின்போது இலவசமாகக் கிடைத்த மாத்திரை, ஆய்வு முடிந்த மறுநாள் கிடைக்காமல் போகலாம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளில், வேறு மாற்றுச் சிகிச்சை இல்லாத நிலையில், ஆய்வு மருத்துவரின் பரிந்துரையின் பேரில் சோதனைக்குப் பிந்தைய மருந்தை நிதி வழங்குநர் கட்டணமின்றித் தருவதற்கு வழி செய்யப்பட்டுள்ளது. ஆயினும் அது புதிய மருந்துகளின் சோதனைக்குப் பொருந்தும் ஏற்பாடு. எல்லா ஆய்வுக்கும் பொருந்தாது. எனவே சேருமுன் கேட்டு, விடையை எழுத்தில் பெறுவதே பாதுகாப்பு.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் ஒரு செய்தியே

மருத்துவ ஆய்வில் பங்கேற்போருக்கு ஆய்வின் நோக்கத்தோடு நிதியின் மூலத்தையும், ஆய்வாளருக்கு உள்ள ஆதாய முரண்பாடுகளையும் தெரிவிக்க வேண்டும் என்று உலக மருத்துவச் சங்கத்தின் எல்சிங்கிப் பிரகடனம் கூறுகிறது. 1964இல் வெளியிடப்பட்ட இந்த ஆவணம் 2024இல் மீண்டும் திருத்தப்பட்டது. பெயரை மட்டும் பார்த்து நிதியளிப்பவரை அறிந்துகொள்ள முடியாது என்பதற்கு ஒரு சான்று. 2017இல் புகையற்ற உலகிற்கான அறக்கட்டளை என்ற பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. அதற்கு ஆண்டுக்கு 8 கோடி டாலர் வீதம் 12 ஆண்டுகள் நிதி தருவதாக அறிவித்தது பிலிப் மோரிஸ் இன்டர்நேஷனல், அதாவது சிகரெட் தயாரிக்கும் நிறுவனம். அதனுடன் இணைந்து செயல்படப் போவதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் உடனே அறிவித்தது. புகையிலை நிறுவனம் வழங்கும் பணத்தில் நுரையீரல் பற்றி ஆராய்ந்தால், கேட்கப்படாமல் விடப்படும் கேள்விகள் எவை என்பதை எண்ணிப் பார்க்க அதிக நேரம் தேவையில்லை.

வெளிநாட்டு நிதிக்கு இந்தியச் சட்டமும் தன் நிபந்தனைகளைச் சேர்க்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2020இல் திருத்தப்பட்ட பின், இவ்வாறு நிதி பெறும் அமைப்பு அதை வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கணக்குத் தெளிவாக இருக்க இது உதவுகிறது. அதே வேளையில், நகரத்திலுள்ள பெரிய நிறுவனம் மலையிலுள்ள சிறிய தொண்டு அமைப்புக்கு நிதியைப் பகிர்ந்து பணியாற்றி வந்த பழைய வழி அடைபட்டது. முன்பு உங்கள் ஊரில் பழகிய அமைப்பு வராமல் முன்பின் அறியாத குழு நேரடியாக வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வெளிநாட்டு நிதியுடன் நடைபெறும் சுகாதார ஆய்வுகளை ஐ.சி.எம்.ஆர். வழியாகச் செயல்படும் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு ஆராய்கிறது. வந்திருக்கும் குழுவிடம் அந்த அனுமதி உள்ளதா என்று கேட்பது அவமதிப்பு ஆகாது.

உள்நாட்டு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலும் ஓர் இயல்பு உண்டு. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இந்தக் கணக்கு நிதியாண்டை ஒட்டி நகர்வது. ஆகவே மார்ச் மாதத்தை நெருங்கும்போது முகாம்கள் திடீரெனப் பெருகுவதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. முகாம் வேறு, ஆய்வு வேறு என்பதை மட்டும் கவனியுங்கள். முகாமில் எடுக்கப்படும் இரத்தம் உங்கள் நோயை அறிவதற்கு. அதே இரத்தம் ஆய்வுக்கும் பயன்படும் எனில், அதைத் தனியே சொல்லி, தனியே ஒப்புதல் பெற வேண்டும்.

உங்கள் விவரங்கள் எங்கே செல்கின்றன?

பெரிய அறக்கட்டளைகள் இப்போது ஏறத்தாழ ஒரே குரலில் வைக்கும் நிபந்தனை, ஆய்வு முடிவுகளை அனைவரும் கட்டணமின்றிப் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்பது. இங்கிலாந்தின் வெல்கம் அறக்கட்டளை 2021 முதல், கட்டுரை வெளியாகும் நாளிலேயே அது எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. கேட்ஸ் அறக்கட்டளையும் 2017 முதல் இத்தகைய விதியை நடைமுறைப்படுத்துகிறது. இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெல்கமும் இணைந்து நடத்தும் இந்தியா அலையன்ஸ் வழங்கும் நல்கைகளும் இந்த வழியில் செல்பவையே. உங்கள் நோயைப் பற்றிய கட்டுரையைப் படிக்கக் கள்ளக்குறிச்சியில் உள்ள ஒரு மருத்துவ மாணவர் இனிப் பணம் கட்ட வேண்டியதில்லை. இது நோயாளிகளுக்கு நன்மையே.

கட்டுரையோடு, அதன் அடிப்படையான தரவுகளையும் பிற ஆய்வாளருக்குத் தர வேண்டும் என்று நிபந்தனை விரியும்போது கவனம் தேவை. பெயரை நீக்கிவிட்டுத்தான் தருவார்கள். சென்னை போன்ற பெருநகரில் பெயரை நீக்கினால் ஆள் மறைந்துவிடுவார். நாற்பது வீடுகள் கொண்ட ஒரு மலைக்கிராமத்தில், இந்த வயது, இந்த நோய், இத்தனை பிள்ளைகள் என்று எழுதினாலே ஊரார் ஆளைக் கண்டுகொள்வர். இரத்தச் சொந்தத்தில் வரும் நோய்களைப் பற்றிய ஆய்வில் இதன் தாக்கம் ஒருவரோடு நிற்பதில்லை, பெண் பார்க்கும் பேச்சு வரை செல்லும். எனவே ஊரின் பெயர் வெளியிடப்படுமா, இரத்த மாதிரி சேமித்து வைக்கப்படுமா, வேறு நாட்டுக்கு அனுப்பப்படுமா, பின்னாளில் வேறு ஆய்வுக்குப் பயன்படுமா என்று கேளுங்கள். சேமித்து வைப்பதை மட்டும் மறுத்து, ஆய்வில் பங்கேற்க இடமுண்டா என்றும் கேட்கலாம்.

ஒப்புக்கொள்ளும் முன்பும் பின்பும்

உங்களால் படிக்க இயலாவிட்டால், ஆய்வைச் சாராத ஒரு சாட்சியின் முன்னிலையில் தகவல் தாள் முழுவதும் உங்களுக்குப் படித்துக் காட்டப்பட வேண்டும். கைரேகை வைப்பது குற்றமன்று. விளங்காமல் வைப்பதே பிழை. வீட்டுக்குச் சென்று பேசிவிட்டு வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தாலும், சேர்ந்த பின் விலகினாலும், அரசு மருத்துவமனையில் உங்களுக்குக் கிடைக்கும் வழக்கமான சிகிச்சை ஒரு துளியும் குறையாது. மருந்துச் சோதனையால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் பெற 2019ஆம் ஆண்டின் விதிகள் வகை செய்கின்றன. அறக்கட்டளை நிதி என்பதால் இந்தப் பொறுப்பு குறைவதில்லை.

நிதி வழங்குநரின் பெயரைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. மருந்துச் சோதனைகள் இந்திய மருத்துவச் சோதனைகள் பதிவேட்டில் (சி.டி.ஆர்.ஐ.) பதிவு செய்யப்பட வேண்டும். 2009 ஜூன் 15 முதல் இது கட்டாயம். அந்தப் பதிவில் பணமாகவோ பொருளாகவோ உதவுபவர் யார் என்பதற்கெனத் தனி இடம் உள்ளது. தகவல் தாளில் உள்ள பதிவு எண்ணைக் கொண்டு கல்லூரியில் படிக்கும் உங்கள் மகனோ மகளோ கைப்பேசியிலேயே பார்த்துச் சொல்லிவிட முடியும்.

ஆய்வுக்கு அனுமதி அளித்த நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் தகவல் தாளில் இருக்க வேண்டும். அந்தக் குழுவில் மருத்துவர்களோடு, சட்டம் அறிந்தவரும் பொதுமக்களில் ஒருவரும் இடம்பெறுவர். ஆய்வுக் குழுவிடம் கேட்கத் தயக்கமாக உள்ள கேள்வியை அவர்களிடம் கேட்கலாம். பொதுவான ஐயங்களுக்குத் தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.

தகவல் தாளின் ஒரு படியும், கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் ஒரு படியும் உங்களுக்குரியவை. அவற்றைக் கேட்டு வாங்கி, குடும்ப அட்டையும் காப்பீட்டு அட்டையும் வைத்திருக்கும் அதே பையில் வையுங்கள். அடுத்த முறை கள்ளக்குறிச்சிக்கோ சேலத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ சிகிச்சைக்குச் செல்லும்போது, நீங்கள் எந்த ஆய்வில் இருக்கிறீர்கள், என்ன மருந்து தரப்படுகிறது என்பதை அங்குள்ள மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்தே அறிந்துகொள்வார்.